காத்திருக்க ஒரு கதிரை

சென்ற வருடம் வெளிநாடொன்றில் நடைபெற்ற பயிற்சிப் பட்டறையில் பங்குபற்றிவிட்டு நான் நாடு திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதிகாலை இரண்டு மணி. இருக்கைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. சுவரோரமாகப் பெண்கள் தமது பைகளைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தார்கள். என்னோடு வந்த கொழும்புச் சகோதரி ஒருவர், "இங்கே ஏன் கஷ்டப்பட வேணும்? என்னிடம் கார்ட் இருக்கு. கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். வாங்க" என்றார்.

அவர் காட்டியது ஒரு கறுப்பு நிறக் கடனட்டை. அந்த அட்டையைக் காட்டினால் 'லவுஞ்ச்' எனப்படும் விசேட ஓய்வறைக்குள் போகலாமாம். மெத்தைக் கதிரை, சுடச்சுட உணவு, தேநீர், குளிக்க வசதி, எல்லாமே இலவசம் என்றார். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கும் அதைப் பார்க்க ஆசை வந்தது. போனேன்.

போன இடத்தில் நான் கண்டது ஒரு நீண்ட வரிசை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர் கையில் அட்டையோடு நின்றார்கள். "உள்ளே இடமில்லை, யாராவது வெளியே வந்தால் தான் விட முடியும்" என்று வாசலில் நின்ற பெண் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். நன்றாக உடுத்திய பெரியவர் ஒருவர் அவளை ஏசிக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம் நின்ற பிறகு எங்களுக்குக் கதவு திறந்தது. உள்ளே பாதிப் பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். கதிரைகளில் ஆட்களுக்குப் பதிலாகப் பைகள் இடம் பிடித்திருந்தன. கடைசியில் பூச்சாடி ஒன்றின் விளிம்பில் நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டு அமர்ந்தோம்.

எனக்குச் சிரிப்புத் தான் வந்தது. கூட்டத்திலிருந்து தப்புவதற்காகப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து இன்னொரு கூட்டமாகி விட்டார்கள்! ஆனால் அன்று அந்த அறையில் நான் சந்தித்த ஒரு சகோதரியின் கதையைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிக்க முடியவில்லை. அதை எழுத முன்னர், இந்த ஓய்வறை எப்படி நிரம்பியது என்பதைச் சற்றுப் பார்ப்போம். "விமானத்தில் போகிறவர்களின் பிரச்சினை எமக்கு எதற்கு?" என்று வாசகியர் சிலர் கேட்கலாம். கடன் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஓய்வறையைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மூடிய கதவின் கதை

சிலருக்கு மட்டும் திறக்கும் கதவுகளை நாம் மலையகத்தில் நீண்ட காலமாக அறிவோம். நுவரெலியாவில் 1876 ஆம் ஆண்டு வெள்ளைக்காரத் துரைமார் ஹில் கிளப் என்ற விடுதியை ஆரம்பித்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து பல வருடங்கள் கழியும் வரை இலங்கையர் எவரும் அதில் உறுப்பினராக முடியவில்லை. எமது பாட்டிமார் பறித்த கொழுந்து தான் அங்கே தேநீரானது. ஆனால் அந்தத் தேநீரை அங்கே அமர்ந்து குடிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

விமான நிலைய ஓய்வறையும் இதே வழியில் வந்தது தான். 1939 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் நியூயோர்க் நகரின் லகார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப் என்ற ஓய்வறையைத் திறந்தது. ஆரம்பத்தில் நிறுவனம் விரும்பி அழைத்தவர்கள் மட்டுமே அதற்குள் போகலாம். பிற்காலத்தில் சந்தா கட்டினால் போகலாம் என்றானது. 1992 இல் பிரயோரிட்டி பாஸ் என்ற திட்டம் வந்தது. எந்த விமானத்தில், எந்த வகுப்பில் பயணம் செய்தாலும் ஒரே அட்டையில் பல நாடுகளின் ஓய்வறைகளுக்குப் போகலாம் என்ற நிலை அப்போது உருவானது.

அதன் பிறகு வங்கிகள் களத்தில் இறங்கின. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2013 இல் லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் தனது முதலாவது சென்டூரியன் ஓய்வறையைத் திறந்தது. 2016 இல் சேஸ் வங்கி சபயர் ரிசேர்வ் என்ற அட்டையை அறிமுகப்படுத்தியது. இப்படி ஒன்றன் பின் ஒன்றாக வந்த அட்டைகள் எல்லாவற்றிலும் 'ஓய்வறை இலவசம்' என்ற வாசகம் இருந்தது. இந்தியாவில் இது மேலும் பரவியது. அங்கு சில வங்கிகளின் சாதாரண டெபிட் அட்டைக்குக் கூட இரண்டே ரூபாவை வெட்டிக்கொண்டு ஓய்வறைக்குள் விட்டார்கள். எமது நாட்டிலும் வங்கிகள் தமது உயர்தர அட்டைகளுக்குக் கட்டுநாயக்க விமான நிலைய ஓய்வறையைச் சலுகையாக வழங்குகின்றன.

இலவசம் என்பது யாருடைய பணம்?

இங்கே ஒரு விடயத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஓய்வறையில் யாருக்கும் எதுவும் இலவசமில்லை. அட்டையை ஒரு தடவை உரசும்போதெல்லாம் வங்கி ஒரு தொகையை இடைத்தரகு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அந்த நிறுவனம் ஓய்வறை நடத்துபவருக்குக் கொடுக்கிறது. வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, அட்டைக்காரர் கட்டும் வருடாந்தக் கட்டணம். இன்னொரு பகுதி, அட்டையில் பொருள் விற்கும் கடைக்காரரிடம் கழிக்கப்படும் தரகு. மற்றப் பெரும்பகுதி, மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாமல் தவணை முறையில் கட்டுகிறவர்களின் வட்டி. ஒருவர் மெத்தையில் அமர்ந்து குடிக்கும் தேநீருக்கு, எங்கோ வட்டி கட்ட முடியாமல் தவிக்கும் இன்னொருவரும் பணம் கட்டுகிறார்.

வங்கிக்கு அட்டையை விற்பது இலகு. விமான நிலையத்தில் புதிதாக ஓர் அறை கட்டுவது இலகுவல்ல. இடம் வேண்டும், அனுமதி வேண்டும், வருடங்கள் வேண்டும். எனவே கதிரைகள் நூறாக இருக்கும்போது சாவிகள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்பது தான் விற்றவர்களின் கணக்கு. கொவிட் தொற்றுக் காலம் முடிந்து மக்கள் மீண்டும் பயணம் செய்யத் தொடங்கியபோது அந்தக் கணக்குப் பிழைத்தது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பிரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலாளர் 1976 இல் எழுதிய நூல் ஒன்றைப் பற்றிக் கற்றோம். சில பொருட்களின் பெறுமதியே மற்றவர்களிடம் அது இல்லை என்பதில் தான் தங்கியிருக்கிறது என்று அவர் விளக்கினார். சோறு அப்படியல்ல. நான் சாப்பிடும் சோற்றின் ருசி, பக்கத்து வீட்டாரும் சாப்பிடுவதால் குறைந்து போகாது. ஆனால் 'விசேடம்' என்பது எல்லோருக்கும் விற்கப்பட்டால் அது விசேடமாக இருக்காது. அன்று பரீட்சைக்காகப் பாடமாக்கிய இந்த விடயம் அந்தப் பூச்சாடி விளிம்பில் அமர்ந்திருந்தபோது தான் எனக்கு உண்மையில் விளங்கியது.

கூட்டத்தைக் குறைத்த விதம்

கூட்டம் கூடியபோது நிறுவனங்கள் என்ன செய்தன? கதவின் விலையைக் கூட்டின. 2023 பெப்ரவரி முதல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தனது பிளாட்டினம் அட்டைக்காரர் கூட்டி வரும் விருந்தாளிக்கு 50 டொலர் அறவிடத் தொடங்கியது. வருடத்தில் 75,000 டொலர் செலவழித்தவருக்கு மாத்திரம் விருந்தாளி இலவசம். டெல்டா விமான நிறுவனம் 2023 செப்டெம்பரில் கடும் கட்டுப்பாடுகளை அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழவே அடுத்த மாதமே அதைத் தளர்த்தியது. ஆயினும் 2025 பெப்ரவரியிலிருந்து அதன் உயர்தர அட்டைக்கும் வருடத்தில் 15 தடவைகள் என்ற எல்லை வந்தது.

இந்தியாவில் எச்.டி.எஃப்.சி வங்கி 2023 டிசம்பர் முதல் தனது ரெகாலியா அட்டைக்கு ஒரு நிபந்தனை விதித்தது. மூன்று மாதத்தில் ஒரு இலட்சம் இந்திய ரூபா செலவழித்திருந்தால் தான் ஓய்வறை. எமது பணத்தில் அது மூன்று இலட்சத்துக்கும் மேல். ஐ.சி.ஐ.சி.ஐ வங்கி 2024 ஏப்ரல் முதல் பல அட்டைகளுக்கு முந்திய காலாண்டில் 35,000 ரூபா செலவு என்று விதித்தது.

இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். முதலில் இலவசம் என்று அழைத்தார்கள். பழகிய பிறகு, இன்னும் செலவழித்தால் தான் அந்த இலவசம் என்றார்கள். கதிரைக்காகச் செலவழிக்கப் பழகியவர், தேவையில்லாத பொருளையும் அட்டையில் வாங்குவார். இது எங்கோ கேட்ட கதை போல இல்லையா? முதல் கடனைக் கட்டி முடிக்கும் முன்னரே, "அக்கா, நீங்க நல்லாக் கட்டுறீங்க, இரண்டாவதும் எடுங்க" என்று வீட்டு வாசலுக்கு வந்த நுண்கடன் கொம்பனிக்காரரை எமது வாசகியர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

எட்டு நாள் பேர்

பிரயோரிட்டி பாஸ் சாதாரண உறுப்பினர் ஒருவர் ஓய்வறைக்குள் ஒரு தடவை போக 35 டொலர் கட்ட வேண்டும். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 10,500 ரூபா. எமது தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் ஏறக்குறைய எட்டு நாள் பேர். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கத்தின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவோடு சேர்த்து 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. அதன்படியும் சரியாக ஆறு நாள் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் கூடையைத் தலையில் மாட்டி ஆறு நாள் நின்றால், மூன்று மணித்தியாலம் ஒரு கதிரையில் உட்காரலாம்!

இந்தக் கணக்கை நான் எமது மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் சொன்னபோது வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "ஏன் மிஸ், அந்தக் கதிரை தேக்கா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றவர்

இனி அந்தச் சகோதரியின் கதைக்கு வருகிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். "நீங்க ஸ்ரீலங்காவா?" என்று மெல்லக் கேட்டார். ஹட்டன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"எங்க அம்மா பொகவந்தலாவ. எழுபத்தேழு கலவரத்துல எல்லாத்தையும் விட்டுட்டு வவுனியாவுக்கு வந்தவங்க. நான் அங்க தான் பொறந்தேன். தோட்டத்த நான் பாத்ததே இல்ல."

மேலாளர் பார்க்காத நேரங்களில் துண்டு துண்டாகத் தான் அவரால் பேச முடிந்தது. 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஓரிடத்தில் தப்பியவர்களை இன்னோரிடத்தில் யுத்தம் பிடித்துக்கொண்டது. 2009 இல் கணவரை இழந்தார். இரண்டு பிள்ளைகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்தார். மீள்குடியேறிய பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. கிடைத்த காசில் சுவர் எழும்பியது, கூரையும் வந்தது. கதவுக்கும் யன்னலுக்கும் காணவில்லை.

"வயசுக்கு வந்த புள்ளய வச்சுக்கிட்டு கதவில்லாத வீட்டுல எப்பிடி அக்கா படுக்கிறது? அதுக்குத் தான் மொத கடன் எடுத்தேன். அதக் கட்ட ரெண்டாவது. ரெண்டாவதக் கட்ட மூணாவது."

2018 ஆம் ஆண்டு அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அதில் அடங்கின. (எமது நுவரெலியா மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.) ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கே அந்த நிவாரணம். இவர் தவணை தவறவில்லை. மானத்துக்குப் பயந்து, ஒன்றை எடுத்து மற்றதைக் கட்டி வந்தவர். "ஒழுங்காக் கட்டினவளுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றார். அடுத்த வருடம் விமானம் ஏறினார். முதலில் வீட்டு வேலை. பிறகு துப்புரவுக் கொம்பனியொன்றின் ஊடாக இந்த ஓய்வறை.

நான் என் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து, "இப்படிக் கொஞ்சம் உட்காருங்களேன்" என்றேன். அவர் பதறிப் போனார்.

"ஐயோ வேணாம் அக்கா. இந்தக் கதிரையில ஒரு நாளும் உக்கார்ந்ததில்ல. பன்ரெண்டு மணித்தியாலம் நிக்கணும். உக்கார்ந்தா சம்பளத்துல வெட்டுவாங்க." வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "இவங்க இதுக்கே கத்துறாங்க. முகாம்ல தண்ணிக்கு நான் நின்ன லைனுக்கு இது எந்த மூலைக்கு?"

போகும்போது எமது மேசையில் இரண்டு கோப்பை தேநீரை வைத்துவிட்டுப் போனார். "சிலோன் டீ தான் அக்கா, குடிங்க."

அந்தத் தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

வரிசை எமக்குப் புதிதல்ல

மலையகப் பெண்ணின் வாழ்க்கை வரிசையிலேயே கழிகிறது. விடிய முன்னர் பீலியில் தண்ணீருக்கு வரிசை. பிரட்டுக் களத்தில் பேர் போட வரிசை. கொழுந்து நிறுக்க வரிசை. மாதாந்தக் கிளினிக்கில் வரிசை. பிரஜாவுரிமைக்காக 1948 முதல் 2003 வரை எமது மக்கள் காத்திருந்ததும் ஒரு வரிசை தான். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எமது சகோதரியரின் காத்திருப்பு இதைவிடக் கொடியது. காணாமல் ஆக்கப்பட்ட தமது பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டுத் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமரத் தொடங்கினார்கள். வெயிலுக்கு ஒரு தகரக் கொட்டிலைத் தவிர அவர்களுக்கு வேறு ஓய்வறை இல்லை. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60 இலட்சம் பயணிகளுக்கென அமைக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வழியாக 2018 இல் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு 2020 இல் ஒப்பந்தமான இரண்டாவது முனையத்தின் வேலைகள் 2022 இல் நாடு வங்குரோத்தானபோது தடைப்பட்டன. அந்த 2022 இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024 இல் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் அதிகம். நாட்டைத் தாங்கிப் பிடிக்கும் அந்தப் பெண்கள் ஹட்டனிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் முதல் நாள் இரவே புறப்பட்டு, பார்சல் சோற்றோடு தமது நேரம் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

இரண்டு வரிசைகளுக்கும் உள்ள வித்தியாசம் இது தான். பணம் படைத்தவர்களின் வரிசை நீண்டால் அதைக் குறைக்க உடனே கூட்டம் கூடுகிறார்கள், விதிகளை மாற்றுகிறார்கள். ஏழைப் பெண்களின் வரிசை நீண்டால், "அவர்களுக்குப் பழகிப் போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கையெழுத்துப் போட முன்னர்

நாடு திரும்பி இரண்டு வாரத்தில் எனக்கே ஒரு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. "மிஸ், உங்களுக்கு பிரீமியம் கார்ட் அப்ரூவ் ஆகியிருக்கு. முதல் வருடம் ஃப்ரீ. எயார்போட் லவுஞ்சும் ஃப்ரீ" என்றாள் ஒரு பெண் பிள்ளை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் சபலம் தட்டியது. எங்கள் லயத்தில் யாரிடமும் இல்லாத ஒன்று என் கையில் இருக்கும் அல்லவா? பிறகு கடதாசியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நான் விமானம் ஏறுவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை.

கடனட்டை கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டக் கூடியவருக்கு அது உதவும். கட்ட முடியாதவருக்கு என்ன நடக்கும்? வருடத்துக்கு 26 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் ரூபா நிலுவைக்கு ஒரு மாத வட்டி 2,166 ரூபா. ஆகக் குறைந்த தொகையாக 5,000 ரூபா கட்டினால் 2,834 ரூபா தான் கடனில் குறைகிறது. 2022 நெருக்கடியின் போது இந்த வட்டி 30 வீதத்தையும் கடந்து சென்றது. இன்று ஆசிரியைகளையும் தாதியரையும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளையும் அட்டைகள் தேடி வருகின்றன. ஆகவே கையெழுத்துப் போட முன்னர் ஐந்து விடயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, முதல் வருடம் இலவசமென்றால் இரண்டாம் வருடக் கட்டணம் எவ்வளவு? இரண்டாவது, வருட வட்டி எத்தனை வீதம்? தவணை ஒரு நாள் பிந்தினால் தண்டப்பணம் எவ்வளவு? மூன்றாவது, சொல்லப்படும் சலுகையைப் பெற எவ்வளவு செலவழிக்க வேண்டும், எத்தனை தடவைக்கு அது செல்லும்? நான்காவது, சலுகையை வங்கி இடையில் நிறுத்தலாமா? (நிறுத்தலாம் என்பதே பெரும்பாலும் விடை. சிறிய எழுத்தில் இருக்கும்.) ஐந்தாவது, அட்டை வேண்டாமென்றால் எப்படி இரத்துச் செய்வது? இவற்றுக்கு வாய் வார்த்தையில் அல்லாமல் எழுத்தில் பதில் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்திட மறுப்பது உங்கள் உரிமை.

வெளிநாடு செல்லும் சகோதரியருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் செல்ல வேண்டாம். கடவுச்சீட்டினதும் தொழில் ஒப்பந்தத்தினதும் பிரதியை வீட்டில் ஒன்று, கையில் ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டார் அனைவரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

எங்கள் வாங்கு

கடைசியாக ஒரு சிறிய செய்தி. நான் வேலை செய்யும் தோட்டமொன்றில் மருந்தகத்துக்கு வெளியே உட்கார இடமில்லை. கர்ப்பிணித் தாய்மாரும் மூச்சுத் திணறும் முதியவர்களும் மழையில் நிற்பார்கள். மேற்சொன்ன கணக்கைக் கேட்டுச் சிரித்த அதே மாதர் சங்கப் பெண்கள் தான் அதற்காகக் கடிதம் எழுதினார்கள். மூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. நான்காவது கடிதத்தை எழுபது பேர் கையெழுத்திட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு தகரக் கூரையும் இரண்டு நீள வாங்குகளும் வந்தன.

சென்ற வாரம் அங்கே போனேன். பதினான்கு பேர் நெருங்கி அமர்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்ததும், யாரும் சொல்லாமலே பதினான்கு பேரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தார்கள். "தேக்கா?" என்று கேட்ட அந்த அம்மா என்னைக் கண்டதும் வாங்கைத் தட்டிக் காட்டி, "இது வெறும் டேர்பன்டைன் பலகை தான் மிஸ். ஆனா கார்ட் கேக்க மாட்டோம். உக்காருங்க" என்றார்.

வங்கியிலிருந்து அந்தப் பிள்ளை மீண்டும் அழைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் கமிஷனுக்கு வேலை செய்யும் ஓர் ஏழைப் பெண் தான். அதனால் கோபமாகச் சொல்லவில்லை. வவுனியாச் சகோதரி இந்நேரம் அந்த ஓய்வறையில் எத்தனையாவது மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாரோ தெரியாது. மூன்றாவது கடனில் இன்னும் ஒன்பது தவணைகள் மீதி என்று சொன்னார். அவை முடிந்ததும் ஊருக்கு வந்து, கடன் வாங்கிப் போட்ட அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.